தொண்டு நிறுவன முறைகேடுகளை அம்பலப்படுத்தும் ஊழியர்களுக்கான சட்டப் பாதுகாப்பு (அமெரிக்கா)

இலாப நோக்கற்ற அமைப்பில் நடக்கும் நிதி மோசடியையோ சட்டமீறலையோ வெளியே சொன்ன ஊழியரை வேலைநீக்கம், பதவியிறக்கம், சம்பளக் குறைப்பு முதலிய பழிவாங்கல்களிலிருந்து காக்கும் ஏற்பாடுகள். அமெரிக்காவில் இதற்கெனத் தனிக் கூட்டரசுச் சட்டம் இல்லை. வேறு நோக்கங்களுக்காக வந்த சட்டங்களின் உட்பிரிவுகளில்தான் இது அடங்கியிருக்கிறது.

இவற்றுள் பழையது 1863-ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டம். உள்நாட்டுப் போரில் படைக்கு மட்டமான சரக்கை விற்ற ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க இயற்றப்பட்டது. 1986 திருத்தம், அரசுப் பணம் ஏமாற்றிப் பெறப்படுவதைத் தடுக்க முயன்று பழிவாங்கப்பட்டவருக்கு மீண்டும் வேலையும் இழந்த சம்பளத்தின் இருமடங்கும் தரச் சொன்னது. அரசு மானியம் பெறும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் இதன் வரம்புக்குள் வந்தன.

யுனைடெட் வே ஆஃப் அமெரிக்கா என்ற தொண்டு அமைப்பின் தலைவர் வில்லியம் அரமோனி 1992-இல் பதவி விலகி, 1995-இல் நிதி மோசடிக்காக ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நன்கொடையாளர்களை உலுக்கிய வழக்கு இது. ஆனாலும் அடுத்த பெரிய சட்டம் என்ரான், வேர்ல்டுகாம் என்ற வணிக நிறுவனங்களின் சரிவால்தான் பிறந்தது.

2002 ஜூலை 30 அன்று கையெழுத்தான சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வேலையையும் சம்பளத்தையும் மீட்டுத்தரும் அதன் 806-ஆம் பிரிவு பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைச் சார்ந்தது. தொண்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது 1107-ஆம் பிரிவு. போலி ரசீதுகளைக் கூட்டரசுப் புலனாய்வாளரிடம் ஒப்படைத்த கணக்கரை மேலாளர் பழிவாங்கும் நோக்கில் நீக்கினால், மேலாளருக்குப் பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் அப்பிரிவைக் காட்டிக் கணக்கர் தாமே நட்டஈட்டு வழக்குத் தொடர வழியில்லை. ரசீதுகளை நிர்வாகக் குழுவிடம் மட்டும் காட்டியிருந்தால் அப்பிரிவு அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. காகிதத்தில் கடுமையானது, ஊழியர் கைக்கு எட்டாதது.

வருமான வரித்துறை 2008 முதல், தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-ஆம் படிவத்தில், முறைகேட்டைத் தெரிவிப்போருக்கான எழுத்துபூர்வக் கொள்கை உண்டா என்று கேட்கிறது. 'இல்லை' என்று எழுதினாலும் தண்டம் கிடையாது.

உண்மையான திருப்பம் 2013 தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தில் வந்தது. கூட்டரசு மானியம் பெறும் அமைப்பின் ஊழியர், பெருமளவு நிதி வீணடிப்பையோ பொதுநலத்துக்கு ஆபத்தையோ உள்ளுக்குள்ளேயே பொறுப்பதிகாரியிடம் சொன்னாலும் பாதுகாப்பு உண்டு. பழிவாங்கப்பட்டால் மூன்றாண்டுக்குள் மானியம் தந்த துறையின் தலைமை ஆய்வாளரிடம் புகார் தரலாம். நான்காண்டுச் சோதனையாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு 2016 டிசம்பரில் நிரந்தரமானது.

மாநிலச் சட்டங்களுக்கு நியூயார்க் ஓர் எடுத்துக்காட்டு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களும் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆண்டு வருவாயும் உள்ள தொண்டு அமைப்புகள் முறைகேட்டைத் தெரிவிப்போருக்கான கொள்கையை வைத்திருப்பது 2014 ஜூலை முதல் அங்கே கட்டாயம். அக்கொள்கையின் பாதுகாப்பு தன்னார்வலர்களுக்கும் உண்டு.

அரசு மானியம் வாங்காமல் நன்கொடையில் மட்டும் இயங்கும் அமைப்பின் ஊழியருக்கு இன்றும் பெரும்பாலும் மாநிலச் சட்டமே துணை. அதன் வலு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.