மலாக்காச் செட்டிகளும் தாயின் மொழியும்

அம்பாங்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா நகரம் உள்ளது. பள்ளிச் சுற்றுலா செல்வோர் கோட்டை வாயிலையும் செந்நிறக் கட்டடங்களையும் கண்டு திரும்புவர். காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டிக் கம்பத்துக்குள் நுழைவோர் சிலரே. நுழைந்த மாணவர் திகைப்பதுண்டு. அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி என்னும் பட்டப்பெயர்கள் வழங்குகின்றன. பேச்சு மட்டும் மலாய். ‘இவர்கள் தமிழை மறந்தவர்களா?’ என்னும் வினா அப்போது எழுகிறது. அவ்வினா பொருந்தாது என்பதே இவ்வுரையின் கருத்து.

மலாக்காச் செட்டிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழில் நடத்த வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரோடு ஒன்றாகக் கருதலாகாது. இவர்தம் முன்னோர் மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணியும் பிறவும் கொண்டுவந்த வணிகர். 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், தம் ஆவணங்களில் ‘நினா சாத்து’ என்று குறிக்கும் இந்து வணிகரைப் பெண்டகாராப் பதவியில் அமர்த்தினர். நகரில் அவ்வணிகர்க்கு இருந்த செல்வாக்கினை இது காட்டும்.

1641இல் ஆட்சி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்களது வணிகத் தனியுரிமையால் இவர்தம் வாணிகம் சுருங்கியது. பலர் ஊர்ப்புறம் சென்று வேளாண்மை மேற்கொண்டனர். எனினும் வழிபாடு தளரவில்லை. ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் 1781இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் எழுந்தது. அக்கோயில் இன்றும் பொற்கொல்லர் தெருவில் நிற்கிறது.

மொழி எங்ஙனம் மாறியது? விடை பருவக்காற்றில் இருக்கிறது. ஒரு காற்றில் வந்த மரக்கலம் திரும்புதற்கு எதிர்க்காற்று வேண்டும். அதுவரை வணிகர் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்கினர். கடல்வழி வந்தோர் பெரும்பாலும் ஆடவர். அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். குழந்தை தொட்டிலில் கேட்டது தாயின் மலாய். கோயிலில் கண்டது தந்தையின் வழிபாடு. சில தலைமுறைகளில் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. சமயம் சைவமாகவே நின்றது. ஆகவே, அக்குழந்தைகள் தமிழை மறந்தவர்கள் அல்லர். தம் தாய்மொழியைப் பேசியவர்கள்.

அவர்கள் பேசும் மலாயை மொழியியலார் கலப்புமொழி வகையுள் சேர்ப்பர். பொது மலாயில் ‘ரூமா சாயா’ என்பதை அவர்கள் ‘சாயா புன்யா ரூமா’ என்பர். ‘என்னுடைய வீடு’ என்னும் தமிழ் வரிசையை இது ஒத்திருக்கிறது. ஆயினும் இதனைத் தமிழின் தாக்கம் என உடனே முடிவுகட்டல் கூடாது. சீன வழியினரான பாபாக்களின் மலாயிலும் இவ்வமைப்பே உண்டு. தமிழின் தடத்தைச் சடங்கிலும் உடையிலும் தேடுதல் வேண்டும். ஆடவர் தலையணி ‘தலப்பா’. பொங்கல் இன்றும் ‘பொங்கல்’. பொங்கலுக்கு முதல்நாள் ‘பார்ச்சு’ என்னும் சடங்கில் வாழையிலை விரித்து முன்னோர்க்குப் படைக்கின்றனர். மலாய் வகை உணவும் அவ்விலையில் இடம்பெறும்.

இதற்கு நேர்மாறான விளைவினைக் காட்டும் மற்றொரு சமூகத்தை உலகின் மறுகோடியில் காண்கிறோம். கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவில், அடிமைத்தளையினின்று தப்பிய ஆப்பிரிக்கர் தீவின் பழங்குடியினரோடு கலந்தனர். அக்கலப்பில் தோன்றியோர் கரிஃபூனா மக்கள். ஆங்கிலேயர் 1797இல் அவர்களைத் தீவினின்று நாடுகடத்தி, ஹொண்டூரஸ் கரைக்கு அப்பாலுள்ள ரோட்டான் தீவில் இறக்கினர். அங்கிருந்து நடு அமெரிக்கக் கரையோரம் பரவிய அவர்கள், பெலீஸ் நாட்டின் டாங்கிரிகா போன்ற கடற்கரை ஊர்களில் குடியேறினர். அக்குடியேற்றத்தின் நினைவாக அந்நாட்டில் ஆண்டுதோறும் நவம்பர் 19 பொது விடுமுறை.

அம்மக்களின் மரபில் ஆப்பிரிக்கக் கூறு மிகுதி. மொழியோ அமெரிக்கப் பழங்குடியின் அரவாக் குடும்பத்தது. அதில் ‘நான்’ என்னும் சொல்லே ஆண் கூற்றுக்கு ஒன்றும் பெண் கூற்றுக்கு ஒன்றுமாக வழங்கியுள்ளது. பெண் வழக்கு அரவாக் வேரினது. ஆண் வழக்கில் கரீப் மொழிச் சொற்கள் கலந்துள்ளன. அடித்தளமாக நிலைத்தது பெண்டிர் மொழியே. அவர்களும் ‘டூகூ’ என்னும் சடங்கில் முன்னோர்க்கு உணவு படைக்கின்றனர். கரிஃபூனா மொழியையும் ஆடலையும் இசையையும் யுனெஸ்கோ 2001இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குக. மலாக்காவில் தந்தையின் மொழி மறைந்தது. கரீபியத்தில் தாய்வழி மொழி நிலைத்தது. விளைவு வேறு, விதி ஒன்று: அடுக்களையில் வழங்கும் மொழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. தோட்டத் தமிழர் வரலாறும் இதற்குச் சான்று. அவர்களுள் பலர் குடும்பமாக வந்தனர். லயங்களில் தமிழ் வீட்டுமொழியாக இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் தோட்டங்களில் பெருகிய தமிழ்ப்பள்ளிகள், வீட்டில் இருந்த மொழிக்கு எழுத்தைத் தந்தன. இல்லாத மொழியை அவை உண்டாக்கவில்லை.

மலேசியாவில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை நமக்குப் பெருமை. ஆயினும் அம்பாங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ, பெற்றோர் இருவரும் தமிழராயிருந்தும் குழந்தையோடு ஆங்கிலத்திலேயே உரையாடும் வீடுகள் உள்ளன. மலாக்காவின் பழைய வணிகர் வீட்டில் தமிழ் பேசும் தாய் இல்லை; இவ்வீடுகளில் இருக்கிறார். மறத்தல் என்னும் சொல் யாருக்குப் பொருந்தும் என்பதை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே, ஆசிரியர்களே, மாணவரைச் செட்டிக் கம்பத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அம்மக்களைக் காட்சிப்பொருளாகவோ இரங்கத்தக்கவராகவோ காட்டாதீர்கள். அவர்தம் மலாயைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். சடங்குச் சொற்களைக் குறித்துவரச் செய்யுங்கள். வீடு திரும்பியபின் ஒரு பயிற்சி கொடுங்கள்: ஒருநாள் முழுதும் தம் வீட்டில் யார், யாரோடு, எம்மொழியில் பேசினர் என எழுதிவரட்டும். அந்த ஏட்டில் நம் அடுத்த தலைமுறையின் மொழி தெரியும்.