சிட்டுக்குருவி

மனிதர் குடியிருக்கும் வீடுகளிலேயே கூடுகட்டி வாழும் சிறு பறவை. அடைக்கலக்குருவி, ஊர்க்குருவி என்றும் வழங்கப்படும். இயற்கையியலாளர் லின்னேயசு 1758இல் இதற்கு அறிவியல் பெயர் இட்டபோது ஃபிரிஞ்சில்லா என்ற பேரினத்தில் சேர்த்தார். பறவையியலாளர் பிரிசோன் 1760இல், இது இன்று இடம்பெறும் பாசர் என்னும் பேரினத்தை வகுத்தார். அதன் பின்னும் நெடுங்காலம் தூக்கணாங்குருவிக் குடும்பத்திலேயே வைத்து எண்ணப்பட்டது. இப்போது பாசரிடே என்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழகத்தில் வாழ்வது இண்டிகஸ் துணையினம். நடு ஆசியாவின் பாக்ட்ரியானஸ் துணையினம் மட்டும் மனிதரை அண்டாமல் வாழ்ந்து, குளிர்காலத்தில் வடமேற்கு இந்தியாவுக்கு வலசை வருகிறது.

மனிதரை அண்டி வாழும் சிட்டுக்குருவிகளின் மரபணுக்களைப் பாக்ட்ரியானஸின் மரபணுக்களோடு ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவில் வேறுபாடு கண்டது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், மேற்காசியாவில் வேளாண்மை தொடங்கிய காலத்தையொட்டி, இவை பிரிந்தன. தானியம் சேர்ந்த இடத்தில் குருவியும் சேர்ந்தது.

தமிழ் இலக்கியத்தில் இப்பறவைக்கு உயர்ந்த இடம் உண்டு. குறுந்தொகை 46ஆம் பாடலில் மாமிலாடனார், வாடிய ஆம்பல் பூவின் நிறத்தை இதன் சிறகில் காண்கிறார். முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்பது, மன்றத்து எருப்புழுதியில் குடைந்தாடுவது, வீட்டின் இறைப்பில் குஞ்சுகளோடு தங்குவது என அதன் ஒரு நாளையே சில அடிகளில் சொல்லிவிடுகிறார். புழுதிக் குளியலைக் கூடத் தவறவிடாத கூர்மை வியப்பளிப்பது. 85ஆம் பாடலில், கருவுற்ற பேடைக்குக் கூடு அமைக்கச் சேவல் கரும்பின் பூவைக் கோதி எடுக்கிறது. கூட்டுக்கான இடத்தை முதலில் பிடித்துப் பொருள் சேர்க்கத் தொடங்குவது பெரும்பாலும் ஆணே என்று பறவையியலும் கூறுகிறது.

ஓட்டு இடுக்கு, உத்தரம், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், மின்மானிப் பெட்டி என எந்தப் பொந்திலும் வைக்கோல், நார், இறகு கொண்டு கூடு அமைக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் அடைகாக்க, இரு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். மேலும் இரு வாரம் அளவில் பறக்கும். வளர்ந்தவை தானியம் உண்டாலும் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டும். முன்பு கிராமத்து வீடுகளின் முன்புறம் நெற்கதிர்க் குஞ்சம் கட்டித் தொங்கவிடுவர். அது குருவிகளுக்கான அன்பான ஏற்பாடு.

சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இதன் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாக உள்ளதென 2020ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை தெரிவித்தது. ஓட்டுவீடுகள் போய்ப் பொந்தற்ற கான்கிரீட் சுவர்கள் வந்ததும், குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைக்காததும் நகரங்களில் குறைந்ததற்குக் காரணமாக இருக்கலாம். செல்பேசிக் கோபுரம் காரணம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. 2012இல் தில்லி இதை மாநிலப் பறவையாக அறிவித்தது. மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள்.