ஊருக்குள் தங்கிய மரைன்கள்

வியட்நாம் போரில் அமெரிக்க மரைன் படையின் சிறு குழு ஒன்றையும் உள்ளூர்க் காவலர்களையும் ஒரே ஊருக்குள் சேர்த்துத் தங்கவைத்த ஏற்பாட்டுக்குக் கூட்டு நடவடிக்கைப் படைப்பிரிவு என்று பெயர். தென் வியட்நாமின் வட கோடியிலிருந்த ஐந்து மாகாணங்களில் 1965 முதல் 1971 வரை இது நடப்பில் இருந்தது. மற்ற அமெரிக்கப் படைகள் முள்வேலி முகாமிலிருந்து கிளம்பி, ஊர்களைச் சலித்துத் தேடிவிட்டு முகாமுக்கே திரும்பின. அவை போனதும், தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் படையான வியட் காங்கின் கெரில்லாக்கள் வந்து நெல்லை வரியாக வாங்கினர், இளைஞர்களைப் படைக்குச் சேர்த்தனர், அரசோடு ஒட்டியிருந்தவர்களைத் தண்டித்தனர். பகலில் ஓர் ஆட்சி, இரவில் ஓர் ஆட்சி என்ற நிலையில் ஊர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் முயற்சி 1965 ஆகஸ்டில், ஹூவே நகருக்குத் தெற்கிலுள்ள ஃபூ பாய் விமானத்தளத்தருகே நடந்தது. தளத்தைக் காத்த பட்டாலியனுக்குச் சுற்றியிருந்த ஊர்களையும் காக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அத்தனைக்கும் காவல் போட அதனிடம் ஆளில்லை. அங்கிருந்த ஊர்க்காவலர்களோடு மரைன்களைக் கலக்கலாம் என்ற யோசனை பட்டாலியனுக்குள்ளேயே எழுந்தது. வியட்நாமிய மொழி அறிந்த லெப்டினன்ட் பால் எக் தலைமையில் நான்கு குழுக்கள் ஊர்களுக்குள் போயின. ஹைட்டியிலும் நிகராகுவாவிலும் மரைன்கள் முன்பு உள்ளூர்க் காவற்படைகளை உருவாக்கியதை இதற்கு முன்னோடியாகச் சொல்வதுண்டு. ஆனால் ஃபூ பாயில் இதைத் தொடங்கிவைத்தது ஆள் பற்றாக்குறைதான். மரைன் தளபதி லூயிஸ் வால்ட் ஆதரித்ததால் திட்டம் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

விதிப்படி ஒரு பிரிவில் சுமார் 14 மரைன்கள், கடற்படையின் மருத்துவ உதவியாளர் ஒருவர், ஏறக்குறைய 35 ஊர்க்காவலர்கள். நடைமுறையில் இரு தரப்பிலும் ஆள் குறைவாகவே இருந்தது. 'பாப்புலர் ஃபோர்சஸ்' எனப்பட்ட ஊர்க்காவலர்கள் அரசுப் படைகளின் கடைசிப் படியில் நின்றவர்கள்: சம்பளம் சொற்பம், ஆயுதம் பழசு, பயிற்சி அரைகுறை. தொலைவில் போரிடும் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் சொந்த ஊரிலேயே இருக்கலாம் என்பதற்காகச் சேர்ந்தவர்கள் பலர். ஆனால் எந்தப் பாதையில் கண்ணிவெடி இருக்கும், எந்த வீட்டுப் பிள்ளை எதிர்ப்பக்கம் போயிருக்கிறான், சந்தைக்கு வந்த புது முகம் எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மரைன்களிடம் பயிற்சி இருந்தது, வானொலி இருந்தது, கூப்பிட்டால் பீரங்கியும் ஹெலிகாப்டரும் வந்தன.

வேலையின் பெரும்பகுதி இருட்டிய பிறகுதான். இரு தரப்பும் கலந்த சிறு அணிகள் வயல் வரப்புகளிலும் ஆற்றுத் துறைகளிலும் பதுங்கிக் கிடந்தன. இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. ஒரே வழியில் இரண்டு முறை போனால் கண்ணி காத்திருக்கும். பகலில் மருத்துவ உதவியாளர் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து தந்தார். கிணறு, பள்ளிக்கூடம் போன்ற பணிகளும் நடந்தன. இவற்றைப் பற்றி அன்றைய அறிக்கைகள் நிறையவே பேசுகின்றன. ஆனால் மருந்து வாங்கியவர் இரவில் தாக்கப்பட்டால் துணைக்கு யாராவது இருப்பார்களா என்பதே ஊர்க்காரர் பார்த்த கணக்கு.

குவாங் ங்காய் மாகாணத்தின் பின் ங்கியா கிராமம் இதற்குத் தெளிவான சான்று. 1966 ஜூனில் அங்கே தன்னார்வமாக வந்த மரைன்கள் பன்னிருவர் குடியேறினர். சில மாதங்களில் அவர்களுடைய சிறு கோட்டை இரவில் தாக்கப்பட்டு ஏறக்குறைய வீழ்ந்தது. மரைன்களும் ஊர்க்காவலர்களும் சேர்ந்தே மாண்டனர். பிழைத்தவர்கள் வெளியேற மறுத்துத் தங்கினர். ஊர் அவர்களை நம்பத் தொடங்கியதில் இந்த முடிவுக்குப் பெரும் பங்குண்டு. மரைன் அதிகாரியாக இருந்த பிங் வெஸ்ட் 1972இல் வெளியிட்ட 'தி வில்லேஜ்' இந்த ஊரின் வரலாறுதான்.

மேலிடத்தில் கருத்து ஒன்றாக இல்லை. மக்களும் நெல்லும் கடலோரச் சமவெளியில் இருக்க, மலைக்காட்டில் எதிரியைத் துரத்துவதில் பயனில்லை என்றார் மரைன் படையின் லெப்டினன்ட் ஜெனரல் விக்டர் குருலாக். வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய வெஸ்ட்மோர்லேண்ட், ஊருக்கு ஒரு குழு வைக்கத் தம்மிடம் ஆளில்லை என்று கருதி, பெரிய படைகளைத் தேடி அழிப்பதையே முதன்மையாக வைத்தார். வட வியட்நாமிலிருந்து வழக்கமான ராணுவப் பிரிவுகளும் இறங்கிக்கொண்டிருந்ததால் அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

திட்டத்தின் உள்ளேயும் ஓட்டைகள் இருந்தன. டா நாங்கில் நடந்த பயிற்சி ஏறக்குறைய இரண்டே வாரம். அதில் மொழி படியாது. ஊரைப் புரிந்துகொண்ட மரைன் பணிக்காலம் முடிந்து அமெரிக்காவுக்குத் திரும்பினான், அவனிடத்துக்கு ஒன்றும் அறியாத புதியவன் வந்தான். சில இடங்களில் ஊர்க்காவலர்கள் ரோந்துக்கே வரவில்லை. வட வியட்நாமும் வியட் காங்கும் தெற்கெங்கும் நடத்திய 1968 டெட் தாக்குதலுக்குப் பின், எளிய இலக்கான கோட்டைகளைக் கைவிட்டுப் பல பிரிவுகள் ஊருக்குள்ளேயே இடம் மாறித் திரிந்தன. பிரிவுகளின் எண்ணிக்கை 114 வரை உயர்ந்தது. அப்போதும் அது வியட்நாமிலிருந்த மரைன்களில் ஒரு சிறு பங்கே.

அமெரிக்கப் படைவிலக்கத்தோடு பிரிவுகள் கலைக்கப்பட்டு, 1971இல் கடைசியானவையும் மறைந்தன. ஊர்க்காவலர்கள் மட்டும் அங்கேயே இருந்தனர். 1975 மார்ச்சில் அந்த மாகாணங்களுக்குள் வந்தது கெரில்லாக் குழுவல்ல. டாங்கியும் பீரங்கியும் கொண்ட வட வியட்நாம் ராணுவம். அந்த மாதத்துக்குள் ஹூவேயும் டா நாங்கும் வீழ்ந்தன.