ஏரிக்கரை யாருடைய வகுப்பறை?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை நான்கு சுவருக்குள் அடைத்து வைக்காதீர்கள், மரத்தடிக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துப் போய்க் கற்றுக்கொடுங்கள் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். இலையைத் தொட்டு, எறும்பின் பின்னால் நடந்து கற்றதை எந்தப் பிள்ளையும் எளிதில் மறக்காது. ஆனால் தோழர்களே, ‘வெளியே போ’ என்பது நம் பிள்ளைகள் கேட்காத சொல் இல்லை. அந்தச் சொல்லின் வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் பேச்சில் நாம் கலந்துகொள்ள வேண்டும்.

1901இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். மரத்தடியில் பாடம் நடந்தது. அங்கே படித்த பிள்ளைகளுக்கு அது விடுதலை. நம்மவர்களுக்கோ வெளியே இருப்பது தண்டனையாக இருந்தது. சதாராவில் படித்த சிறுவன் அம்பேத்கர், தான் உட்காரும் கோணியை வீட்டிலிருந்து சுமந்து சென்று, மற்றவர்களிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தவர். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே காத்திருந்ததையும், பிள்ளைகளோடு விளையாட முடியாமல் போனதையும் 1939இல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குத் திறந்தவெளி, ஒளிந்துகொள்ளும் இடம்.

பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைகள் அதைவிடப் பல மடங்கு. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் மக்களில் பலர் படியாட்கள். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். பிள்ளைகள் ஆண்டை வீட்டு மாடு மேய்த்தார்கள். எந்தப் புல்லை மாடு தின்னும், எந்தப் பூச்சி வந்தால் மழை வரும், ஏரி எந்த மதகில் கசியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இயற்கையைப் பற்றிய அறிவுக்குக் குறையே இல்லை. குறைந்தது எழுத்தும் நிலமும்.

இதை அரசுக்கு எடுத்துச் சொன்னவர் அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர். 1891இல் அவர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. நிலமும் பள்ளியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்ததைக் கவனியுங்கள். நிலமில்லாதவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆண்டை விடமாட்டான். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள் இந்தப் பள்ளிகளுக்குக் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மானியரான ஃபுரோபெல் 1840இல் வைத்த அந்தப் பெயருக்குப் பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். பாத்தி கட்டி, விதை போட்டு, கைப்படத் தொட்டுக் கற்பது அவர் வழி. சென்னை மாகாணத்தில் இந்தப் புதுமுறைக் கல்வியை முதலில் பெற்றவர்களில் சேரிப் பிள்ளைகளும் உண்டு. இயற்கைவழிக் கல்வி வசதியான பள்ளிகளின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

அடுத்த திருப்பம் 1953. ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பள்ளி நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளைகள் வெளியே, பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். வாழ்க்கையோடு இணைந்த கல்வி என்றார்கள். தச்சன் பிள்ளைக்கு உளி கிடைக்கும். நம் பிள்ளைக்கு? செத்த மாட்டைத் தூக்குவதும் பண்ணையில் சாணி அள்ளுவதும்தான். பெரியார் இதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பயில வேண்டும் என்கிறது. அதைப் படிக்கும்போது நமக்கு 1953 ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

இப்போது சேரப்பணஞ்சேரிக்கு வருவோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் இந்த ஊர், அதையடுத்து ஒரகடம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்திலும் வந்தது. சிப்காட் வளர வளர, வயலும் மேய்ச்சல் நிலமும் சுற்றுச்சுவர்களாயின. கனரக வண்டிகள் ஓடும் இந்தச் சாலையில் ஐந்து வயதுப் பிள்ளைகளை வரிசையாக எங்கே நடத்திப் போவது? ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும், வடமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் ‘இயற்கை’ எங்கே இருக்கிறது? காசு உள்ளவர் பிள்ளைக்குக் கட்டணம் கட்டிப் பண்ணைச் சுற்றுலா கிடைக்கும். நம் பிள்ளைக்குப் பொதுநிலம் மட்டுமே. பொதுநிலம் போனால் வெளியே கற்பதும் போயிற்று.

ஆகவே நம் நிலை தெளிவு. முதலில் ஒழுகாத கூரை, கழிப்பறை, போதிய ஆசிரியர்கள் உள்ள வகுப்பறை வேண்டும். அது இல்லாத இடத்தில் மரத்தடிப் பாடம் என்பது வெறும் சமாளிப்பு. அதற்குப் பிறகு வெளியே அழைத்துப் போகட்டும். வேலைக்காக இல்லாமல் கற்பதற்காக.

நம் சேரிகளில் மாலைப் பள்ளி நடத்தும் மாணவத் தோழர்கள் இதை இப்போதே தொடங்கலாம். ஊர்ப்பெயரிலிருந்தே பாடம் எடுங்கள். சேரி என்றால் இன்று இழிவாகப் பார்க்கிறார்கள். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பிராமணர் ஊரின் பன்னிரண்டு பிரிவுகளையும் சேரி என்றே குறிக்கிறது. அடுத்து, ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 2022இல் அங்கே நடந்த அகழாய்வில் கற்கருவிகள் கிடைத்தன. ஆண்டைகளுக்கும் ஆலைகளுக்கும் முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகள் அறியட்டும்.

பிறகு ஏரிக்கரைக்கு நடங்கள். பறவைகளை எண்ணச் சொல்லுங்கள், கோரைப்புல்லை வரையச் சொல்லுங்கள். நீங்கள் கையில் ஊரின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வைத்திருங்கள். ஏரி எது, மேய்க்கால் எது, பஞ்சமி எது, இன்று அதில் யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்து பத்து ஆண்டு வரை பஞ்சமி நிலத்தை யாருக்கும் விற்க முடியாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்டு நடந்த காரணைப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

குறித்ததை அடுத்த கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் வரைந்த படங்களையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.