கதவைத் திறந்துகொண்டே இருப்பவள்

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் வீட்டில் முதலில் விசாரிக்கப்படுவது இயந்திரமல்ல, பெண். “சும்மா சும்மா கதவைத் திறந்துகிட்டே இருந்தா எப்படிக் குளிரும்?” மூன்று வேளையும் அதிலிருந்து எடுத்துச் சமைப்பவள் திறக்காமல் என்ன செய்வாள்?

சென்னைக்குக் குளிர் முதலில் கப்பலில்தான் வந்தது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து அனுப்பினார் ஃபிரெடெரிக் டியூடர். அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்தது ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டியை உள்ளூரிலேயே செய்ய முடிந்ததும் அந்த வணிகம் படுத்தது. பின்னாளில் அதே கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்கான விடுதியை நடத்தினார். பார்ப்பனப் பெண்களுக்கு மட்டுமான விடுதி அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பனிக்கட்டி வைத்த இடத்தில் பெண்கள் பாடம் படித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

ஃப்ரிட்ஜ் ஏன் முனகுகிறது? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்டார். அமெரிக்காவில் எரிவாயுவால் இயங்கும், அசையும் பாகம் எதுவும் இல்லாத, சத்தமே போடாத ஃப்ரிட்ஜும் விற்பனையில் இருந்தது. ஆனால் 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் இறக்கிய மின்சார ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பெரும் பணமும் விளம்பரமும் நின்றன. கம்ப்ரசர் வென்றது. எது நல்லது என்று அடுக்களையில் நிற்பவள் முடிவு செய்யவில்லை என்கிறார் கோவன்.

கதவுக்கு வருவோம். கதவின் உட்புறத்தில் அடுக்குத் தட்டுகள் வேண்டும் என்ற யோசனை, பொறியியலில் இயங்கிய லிலியன் கில்பிரெத் என்ற பெண்ணுடையது என்பார்கள். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். எதை எடுக்க எத்தனை முறை குனிகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர். அந்தக் காலத்துக் கதவுகளில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தைகள் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். உள்ளிருந்தும் திறக்கும் கதவு வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டம் வந்தது, 1958இல் நடைமுறையானது. தாழ்ப்பாள் போய்க் காந்தம் பதித்த ரப்பர் பட்டை வந்தது. இந்தியாவில் கோத்ரெஜ் ஃப்ரிட்ஜ் செய்யத் தொடங்கியதும் 1958இல்தான்.

அந்த ரப்பர் பட்டையைத்தான் கேஸ்கெட் என்கிறோம். குளிர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. மாவும் குழம்பும் படிந்து விறைத்திருந்தால் வெந்நீரும் சோப்பும் போதும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பழைய மாடல்களில் பின்புறம் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறும் வழி அது. ஒட்டடையும் தூசியும் அடைந்தால் சூடு போகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைப்பத்தால் தட்டலாம், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஃப்ரீசரில் பனி மலையாகக் கட்டினால் அணைத்துவிட்டு உருக விடுங்கள். கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகி வாயு போய்விடும். பிறகு செலவு பெரிது.

என் வீட்டுக்கு ஒருமுறை வந்த மெக்கானிக், “சார் இல்லைங்களா?” என்றார். இல்லை என்றேன். “கேஸ் தீர்ந்துடுச்சு மேடம், ஏத்தணும்.” வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஃப்ரிட்ஜில் வாயு தீராது. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் சுற்றிச் சுற்றி வருகிறது; குறைந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் ஏற்றினால் மறுபடியும் போகும். புதிய ஃப்ரிட்ஜ்களில் உள்ளது பெரும்பாலும் தீப்பற்றும் வாயு என்பதால் அந்த வேலை தெரிந்தவர் கையில் இருப்பதே நல்லது. ஆனால் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

“எங்கே லீக்குன்னு காட்டுங்க” என்றேன். அவர் குனிந்து, முதல்முறையாகப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.