காவலை நிறுத்தாமல் கோளாறைத் தீர்த்தல்: எஸ்.ஈ.லினக்ஸ் கொள்கைகளில் வரும் சார்பு வழுக்கள்

சல்லியில் நாங்கள் பராமரிக்கும் ஒரு பழைய கணினியில் காணி உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தந்த வாக்குமூலங்கள் ஆகியவற்றின் ஸ்கான் பிரதிகள் இருக்கின்றன. இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் மூலப் பத்திரங்களை இழந்த குடும்பங்களின் நிழற்பிரதிகளும் அதில் அடக்கம். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்ற கட்டுப்பாடு இப்படியான கணினிக்கு அவசியம். லினக்ஸில் அந்தக் காவல்வேலையைச் செய்வது எஸ்.ஈ.லினக்ஸ்.

இதை உருவாக்கி 2000 டிசம்பரில் வெளியிட்டது அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம். உளவு அமைப்பின் கைவேலையா என்று எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். ஆனால் மூலநிரல் எவரும் வாசிக்கக்கூடியது. 2003 இல் அது லினக்ஸ் கருவோடு சேர்ந்துவிட்டது. அன்ரொயிட் 5 முதல் கைத்தொலைபேசிகளிலும் முழுமையாக இயங்குகிறது.

சிக்கல் புதிய விதி ஒன்றைச் சேர்க்கும்போது வரும். வேறொரு கணினியில் தயாரித்த விதித்தொகுதியை பென்டிரைவில் கொண்டுவந்து 'செமொடியூல் -ஐ' கட்டளையால் நிறுவினால், "தேவைகள் நிறைவேறவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தியோடு நின்றுவிடும். (கட்டளைகளை ஒலிபெயர்த்துத் தருகிறேன், திரையில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.)

தொகுத்தபோது ஒரு குறையும் சொல்லாமல் நிறுவும்போது ஏன் மறுக்கிறது? விதிக்கோப்பில் 'ரிக்குவயர்' என்றொரு பகுதி உண்டு. இன்ன பெயருடைய வகைகள் வேறெங்கோ இருக்கின்றன என்ற உறுதிமொழி அது. வேறு பிரிவில் வசிப்பவரின் பெயரை எழுதி ஒரு கடிதம் வாங்குவதைப் போன்றது. கடிதம் எழுதும்போது எவரும் விசாரிப்பதில்லை. சோதனைச் சாவடியில்தான் பதிவேட்டைப் புரட்டி, அப்படியொருவர் இல்லை என்பார்கள்.

ஆகவே வழு எப்போது வந்தது என்பதை முதலில் பாருங்கள். தொகுக்கும்போதே "தெரியாத வகை" என்றால், அந்தப் பெயரை ரிக்குவயர் பகுதியில் சேர்க்க விட்டுப்போயிருக்கிறது அல்லது எழுத்துப்பிழை. இது சின்ன விடயம். தொடரமைப்புப் பிழை என்று வந்து, கோப்பில் ஆயத்த மக்ரோக்கள் இருந்தால், பெடோரா குடும்பத்தில் 'செலினக்ஸ்-பொலிசி-டெவல்' பொதியை நிறுவி, அதனுடன் வரும் மேக்கோப்பைக் கொண்டு தொகுக்க வேண்டும். 'செக்மொடியூல்' தனியாக அந்த மக்ரோக்களை விளங்கிக்கொள்ளாது.

நிறுவும்போது வந்தால், அந்த வகை உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். 'செயின்போ -ரீ' என்று எழுதி, வகையின் பெயரையும் கொடுத்தால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புதிய பதிப்புகள் பெயரைச் சொல்லாமல் 'சில்' கோப்பின் வரி எண்ணை மட்டும் காட்டி நிறுத்துவதுண்டு. அப்போது ரிக்குவயர் பகுதியிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே சுகம்.

அடிக்கடி காண்பது 'கொன்டெய்னர்_ரீ'. அதைத் தருவது 'கொன்டெய்னர்-செலினக்ஸ்' என்ற தனிப் பொதி. விதியைத் தயாரித்த கணினியில் அது இருந்திருக்கும், உங்களுடையதில் இராது. கொள்கலன்களைப் பயன்படுத்துவதானால் பொதியை நிறுவுங்கள். இல்லையேல் அந்தப் பெயரையும் அது வரும் விதிகளையும் நீக்கி மறுபடி தொகுங்கள், அல்லது 'ஒப்ஷனல்' பகுதிக்குள் வையுங்கள். வகை இல்லாவிட்டால் அந்தப் பகுதி மட்டும் கைவிடப்படும். சிலவேளை தொகுதி இருந்தும் முடக்கப்பட்டிருக்கும். 'செமொடியூல் -எல்புல்' பட்டியலில் அது தெரியும். 'செமொடியூல் -ஈ' மீண்டும் இயக்கும்.

இத்தனைக்கும் பொறுமையில்லாதவர்கள் சொல்லும் வைத்தியம் 'செற்என்போர்ஸ் 0'. முழுக் காவலையும் இறக்கிவிடுவது அது. வாக்குமூலம் தந்த தாயின் பெயரும் முகவரியும் உள்ள கணினியில் இதை நான் ஏற்கமாட்டேன். தவிர்க்க முடியாவிட்டால் 'செமனேஜ் பெர்மிசிவ் -ஏ' மூலம் பிரச்சினைக்குரிய ஒரு நிரலின் வகையை மட்டும் தளர்த்துங்கள். மறுப்புகள் பதிவாகும், மற்றவற்றின் காவல் நிற்கும். வேலை முடிந்ததும் '-டி' கொடுத்துத் தளர்வை நீக்குங்கள்.

'ஓடிட்2அலவ்' தானாக எழுதித் தரும் விதிகளையும் வாசிக்காமல் நிறுவவேண்டாம். பதிவேட்டில் மறுக்கப்பட்ட அத்தனைக்கும் அது அனுமதி எழுதிக் கொடுக்கும், மறுத்தது சரியாக இருந்தாலும்.

வெளிநாட்டு நண்பர்கள் விதித்தொகுதி அனுப்பும்போது 'பீபீ' கோப்போடு 'ரீஈ' மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பீபீயை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன பெயர் இருக்கிறதென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.