பிரெண்டா மில்னர்: நினைவாற்றலை ஆராய்ந்த நரம்பு உளவியலாளர்

பிரெண்டா மில்னர் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய மருத்துவ நரம்பு உளவியலாளர். மூளையில் பாதிப்பு ஏற்பட்டவர்களின் நினைவு, மொழி, சிந்தனை ஆகியவற்றைச் சோதனைகள் மூலம் அளந்து, மூளையின் எந்தப் பகுதி எந்தப் பணியைச் செய்கிறது என்று கண்டறிவது இத்துறையின் வேலை. இத்துறை உருவான காலத்திலேயே அதில் நுழைந்து அதற்கு அடித்தளம் அமைத்தவர்களுள் மில்னர் முதன்மையானவர். நினைவு என்பது ஒரே பொருள் அல்ல, அது பல வகைப்பட்டது என்பதை நோயாளிகளிடம் செய்த சோதனைகளால் உறுதிப்படுத்தியது இவருடைய பெரும் பங்களிப்பு.

இளமையும் கல்வியும்

மில்னர் 1918 ஜூலை 15 அன்று மான்செஸ்டர் நகரில் பிறந்தார். இயற்பெயர் பிரெண்டா லாங்ஃபோர்ட். தந்தை சாமுவேல் லாங்ஃபோர்ட் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழின் இசை விமர்சகர். தாயார் இசை பயின்றவர். மகளுக்கு இசையில் நாட்டம் இல்லை. தந்தையே வீட்டில் கணக்கும் ஜெர்மன் மொழியும் கற்பித்தார். மில்னருக்கு எட்டு வயதானபோது தந்தை காலமானார்.

1936இல் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். கணிதத்தில் தாம் பெரிய அளவில் சாதிக்க முடியாது என்று உணர்ந்து உளவியலுக்கு மாறினார். அங்கே அவருக்கு வழிகாட்டிய ஆலிவர் ஸாங்வில், மூளைப் பாதிப்பு உள்ளவர்களை ஆராய்வதன் மூலம் இயல்பான மூளையைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தார். மில்னர் 1939இல் படிப்பை முடித்தார். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளைத் தேர்வு செய்வதற்கான சோதனைகளிலும், பின்னர் ராடார் தொடர்பான ஆய்விலும் ஈடுபட்டார். அங்கே மின்பொறியாளர் பீட்டர் மில்னரைச் சந்தித்து 1944இல் மணந்தார். கணவருக்குக் கனடாவின் அணுசக்தி ஆய்வில் பணி கிடைத்ததால் இருவரும் மாண்ட்ரியல் சென்றனர். பிரெண்டா மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பிரெஞ்சு மொழியில் உளவியல் கற்பித்தார்.

பென்ஃபீல்டின் மருத்துவமனையில்

அதே நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் பேராசிரியராக இருந்தார். மில்னர் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை 1934இல் நிறுவிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளை ஆராய மாணவர் ஒருவரை அனுப்ப ஹெப்புக்கு இடமளித்திருந்தார். 1950இல் அந்த வாய்ப்பு மில்னருக்குக் கிடைத்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்கு, வலிப்பு தொடங்கும் மூளைப்பகுதியை பென்ஃபீல்ட் அகற்றுவார். அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் அறிவுத்திறனில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்று மில்னர் அளந்தார். 1952இல் முனைவர் பட்டம் பெற்றபின், நிலையான ஆசிரியப் பணியை விட்டுவிட்டு இந்த மருத்துவமனைப் பணியையே தேர்ந்தெடுத்தார்.

பி.பி., எஃப்.சி. என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் இரு நோயாளிகளுக்கு, மூளையின் இடப்பக்கப் பொட்டு மடலில் அறுவை செய்தபின் புதிய நிகழ்வுகள் எவையும் நினைவில் தங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் அகற்றப்பட்ட மற்றவர்களுக்கு இத்தகைய பேரிழப்பு ஏற்படவில்லை. இவ்விருவருக்கும் மறுபக்கத்தில் முன்பே, வெளியே தெரியாத ஒரு சேதம் இருந்திருக்க வேண்டும் என்று மில்னரும் பென்ஃபீல்டும் ஊகித்தனர். பி.பி. பின்னாளில் இறந்தபோது நடந்த மூளைப் பரிசோதனை அந்த ஊகத்தைச் சரியென்று காட்டியது.

எச்.எம். என்ற நோயாளி

இந்த இருவரைப் பற்றிய குறிப்பை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் படித்தார். தாம் 1953இல் 27 வயது இளைஞர் ஒருவருக்கு மூளையின் இரு பக்கங்களிலும் பொட்டு மடலின் உட்பகுதியை அகற்றியதாகவும், அவருக்கும் இதே நிலை ஏற்பட்டதாகவும் பென்ஃபீல்டுக்குத் தெரிவித்தார். 1955இல் மில்னர் இரவு ரயிலில் ஹார்ட்ஃபோர்ட் சென்று அந்த நோயாளியைச் சந்தித்தார்.

எச்.எம். என்று மட்டும் அறியப்பட்ட அவரது அறிவுத்திறன் ஈவு 112. சராசரியைவிடச் சற்று மேல். பேச்சு, பழக்கவழக்கம், குழந்தைப் பருவ நினைவு எல்லாம் இருந்தன. ஒரு எண்ணை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சில நிமிடங்கள் வைத்திருக்கவும் அவரால் முடியும். கவனம் வேறு பக்கம் திரும்பினால் எண்ணும் போய்விடும், எண் ஒன்று கேட்கப்பட்டது என்பதும் போய்விடும். ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும் மில்னர் அவருக்குப் புதியவராகவே இருந்தார்.

1957இல் ஸ்கோவிலும் மில்னரும் பத்து நோயாளிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நினைவை மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தேட முடியாது என்று கார்ல் லாஷ்லி என்ற புகழ்பெற்ற அறிவியலாளர் கூறிவந்த காலம் அது. புதிய நினைவுகளைப் பதிவு செய்ய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதை அடுத்த பகுதிகளும் தேவை என்பதை இக்கட்டுரை வலுவாக எடுத்துரைத்தது.

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. இரட்டைக் கோடுகளால் வரைந்த நட்சத்திரத்தின் இடைவெளியில், கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு கோடு இழுக்க வேண்டும். யாருக்கும் முதலில் தடுமாற்றம் வரும். எச்.எம். மூன்று நாள் பயிற்சியில் நன்கு தேறினார். ஆனால் இதை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நிகழ்வை நினைவுகூர்வது வேறு, கை பழகிக்கொள்வது வேறு என்பது இதனால் தெரிந்தது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் மறந்துபோனாலும் ஓட்டும் திறன் மறக்காமல் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்விரண்டும் மூளையில் தனித்தனி வழிகளில் நடப்பவை என்பதற்கு எச்.எம். சான்றானார்.

பிற ஆய்வுகள்

1963இல் மில்னர், அட்டைகளை வகைப்படுத்தும் ஒரு சோதனையை மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டவர்களிடம் செய்தார். அட்டைகளை நிறப்படி பிரிப்பதா, வடிவப்படி பிரிப்பதா என்ற விதி சொல்லாமலேயே மாற்றப்படும். முன்மடல் பாதிப்பு உள்ளவர்கள், தாம் செய்வது தவறு என்று கேட்ட பின்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தனர். திட்டமிடல், மனத்தை மாற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றில் முன்மடலின் பங்கு இதனால் புலனாயிற்று. மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் மட்டும் உறங்கவைக்கும் சோதனை மூலம், இடக்கைப் பழக்கம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்திலேயே அமைந்துள்ளது என்றும் காட்டினார். அறுவையின்போது நோயாளி பேச்சை இழந்துவிடாமல் காக்க இந்த அறிவு நேரடியாகப் பயன்பட்டது.

மாணவர்களை உருவாக்கியவர்

மில்னரிடம் பயின்றோர் தாங்களே தனித்தனி ஆய்வுத்துறைகளை வளர்த்தனர். டோரீன் கிமுரா, இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஒலிகளைக் கேட்கச் செய்து, சொற்களில் வலக்காதும் மெட்டுகளில் இடக்காதும் முந்துவதைக் கண்டார். ஃபிலிப் கோர்சி 1972இல் முடித்த ஆய்வேட்டுக்காக வடிவமைத்த கட்டைகளைத் தொட்டுக்காட்டும் சோதனை, அவர் பெயராலேயே இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. மைக்கேல் பெட்ரைடஸ் முன்மடல் ஆய்வைத் தொடர்ந்தார்.

சூசன் கார்க்கின் 1962இல் மாணவியாக எச்.எம்.மைச் சந்தித்து, 2008 டிசம்பர் 2 அன்று அவர் இறக்கும் வரை 46 ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். அவர் ஹென்றி மோலைசன் என்ற உண்மைப் பெயர் அதன் பின்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த ஆய்வுகளுடன் ஓர் அறநெறிக் கேள்வியும் ஒட்டிக்கொண்டுள்ளது. சில நிமிடங்களுக்கு முன் கொடுத்த ஒப்புதலையே மறந்துவிடும் ஒருவர், ஆய்வுக்கு உண்மையில் ஒப்புதல் அளிக்க முடியுமா? 2016இல் ஸ்கோவிலின் பேரன் லூக் டிட்ரிச் எழுதிய நூல் இதனை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது. அத்தகைய அறுவையின் விளைவை மருத்துவ உலகுக்கு எச்சரிக்கையாக எடுத்துரைத்ததும் 1957இன் அதே கட்டுரைதான். ஒருவரின் இழப்பு வெளிப்படையாகப் பதிவானதால் பிறர் அந்த இழப்பிலிருந்து தப்பினர்.

சிறப்புகள்

1979இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 2009இல் பல்சான் பரிசும், 2014இல் ஜான் ஓகீஃப், மார்கஸ் ரைக்கிள் ஆகியோருடன் கவ்லி பரிசும் பெற்றார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் மாண்ட்ரியல் நிறுவனத்துக்குத் தொடர்ந்து சென்று பணியாற்றினார். மில்னர் தம் ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தியவை தாளும் பென்சிலும் அட்டைகளும் ஒரு கண்ணாடியும்தான். எதிரில் அமர்ந்திருப்பவர் எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார் என்பதோடு, எதை இன்னும் செய்ய முடிகிறது என்பதையும் பொறுமையாகக் கவனித்ததே அவரை இக்கண்டுபிடிப்புகளுக்கு இட்டுச்சென்றது.